பால் வற்றிய பிறகு



கால்நடை மருத்துவன் ஒருவனைச் சட்டம் படிக்கிற இடத்துக்குப் பேச அழைத்திருக்கிறீர்கள். வீட்டு விலங்குகளுக்குக் குடியுரிமை உண்டா என்பது தலைப்பு. வீட்டில் சொன்னதும் சிரித்தார்கள். “மாட்டுக்கு ரேஷன் கார்டு வாங்கித் தரப் போறீங்களா?” என்று கேட்டார்கள்.

அட்டை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. எந்த ஊர்த் தொழுவத்துக்குள் நுழைந்தாலும் மாட்டின் காதில் மஞ்சள் வில்லை தொங்குவதைப் பார்க்கலாம். அதில் 12 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணைக் கணினியில் தட்டினால் மாட்டின் இனம், வயது, சினை ஊசி போட்ட தேதி, கோமாரித் தடுப்பூசி போட்ட தேதி, உரிமையாளர் பெயர் எல்லாம் வரும். நமக்கும் 12 இலக்கம், அதற்கும் 12 இலக்கம். கணக்கெடுப்பிலோ அவை நம்மை முந்திவிட்டன. 2011க்குப் பிறகு மனிதர்களை ஒருமுறை எண்ணி முடிப்பதற்குள், கால்நடைகளை 2012லும் 2019லும் எண்ணிவிட்டு, 2024 அக்டோபரில் மூன்றாவது கணக்கெடுப்பையும் தொடங்கிவிட்டோம். இத்தனை அக்கறையாக எண்ணப்படுகிற உயிருக்கு அந்த எண்ணால் என்ன கிடைக்கிறது? உரிமையாளருக்குக் காப்பீடு கிடைக்கிறது, அரசுக்குப் புள்ளிவிவரம் கிடைக்கிறது. மாட்டுக்குத் தடுப்பூசி கிடைக்கிறது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் பால் வற்றிய அன்று அந்த எண்ணைக் காட்டி எங்கே போய் எதைக் கேட்பது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

இந்தக் கேள்வியை வேடிக்கைக்காக இல்லாமல் கேட்டவர்கள் கனடாக்காரர்கள் இருவர்: சூ டொனால்ட்சன், வில் கிம்லிக்கா. கிம்லிக்கா, கிங்ஸ்டன் நகரத்துக் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் அரசியல் தத்துவ ஆசிரியர். பல இனத்தார் வாழும் நாட்டில் சிறுபான்மையினருக்கு என்னென்ன உரிமைகள் வேண்டும் என்று எழுதிப் பெயர் பெற்றவர். இருவரும் சேர்ந்து 2011இல் ‘ஜூபோலிஸ்’ என்ற நூலை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே பீட்டர் சிங்கர் 1975லும் டாம் ரீகன் 1983லும் விலங்குகளுக்காக வாதாடியிருந்தார்கள். அவர்களுடைய வாதத்தின் சாரம், விலங்குகளைத் துன்புறுத்தாதே, அவற்றை விட்டு விலகு என்பது. டொனால்ட்சனும் கிம்லிக்காவும் விலகினால் போதாது என்றார்கள். காட்டு யானையை விட்டு விலகலாம்; அது தன் காட்டில் தன்னைப் பார்த்துக்கொள்ளும். தொழுவத்து மாட்டை விட்டு எப்படி விலகுவது? பத்தாயிரம் ஆண்டாகக் கட்டிப்போட்டு, நமக்கு வேண்டிய குணத்தை மட்டும் தேர்ந்து பெருக்கி, நாம் இல்லாமல் வாழ முடியாதபடி ஆக்கிவைத்திருக்கிறோம்.

எனவே அவர்கள் விலங்குகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். காட்டு விலங்குகள் தமக்கென நிலமுள்ள தனி நாட்டாரைப் போன்றவை. படையெடுக்காமல் இருந்தால் போதும். அணில், காகம், எலி, புறா போன்றவை நம் ஊரில் தங்கியிருக்கும் வேற்றூராரைப் போன்றவை. அவற்றை விரட்டக் கூடாது, ஆனால் வளர்க்கும் கடமையும் நமக்கு இல்லை. வீட்டு விலங்குகள்தான் நம்மோடு ஒரே சமூகத்தில் வாழ்பவை, அவை குடிமக்கள். குடிமக்களுக்கு மூன்று உரிமைகள் உண்டு என்பது அவர்கள் வாதம்: இருந்த இடத்தில் இருக்கும் உரிமை, பொதுநலத்தைக் கணக்கிடும்போது தம் நலமும் கணக்கில் சேரும் உரிமை, தமக்கு எது வேண்டும் என்று தம் வழியில் தெரிவிக்கும் உரிமை.

மாடு ஓட்டுப் போடுமா என்று கேட்பீர்கள். நான்கு வயதுக் குழந்தை போடுவதில்லை. மூளை வளர்ச்சி குன்றியவர்கள் பலர் போடுவதில்லை. அவர்களைக் குடிமக்கள் இல்லை என்று எந்த நாடும் சொல்வதில்லை. இன்னொருவர் துணையோடு தம் விருப்பத்தைத் தெரிவிப்பதும் பங்கேற்புதான் என்பதை உடற்குறை, மனக்குறை உள்ளோருக்கான உரிமைப் போராட்டம் உலகுக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த இடத்தைத்தான் கனடாக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கடமை இல்லாதவருக்கு உரிமை ஏது என்றும் கேட்பதுண்டு. இந்த வாதத்தைச் சொல்பவர்களுக்குப் பழைய பிரான்ஸ் நாட்டு நீதிமன்றங்களைத் தெரியாது. 1457இல் சவிஞி என்ற ஊரில் சிறுவன் ஒருவனைக் கொன்றதற்காக ஒரு தாய்ப் பன்றியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, விசாரித்து, மரண தண்டனை கொடுத்தார்கள். கூடவே பிடிபட்ட ஆறு குட்டிகளும் இளம் வயது, தாயின் கெட்ட முன்மாதிரி ஆகிய காரணங்களால் தப்பின. கடமையும் தண்டனையும் விலங்குக்கு எப்போதோ கொடுத்துவிட்டார்கள். பாக்கி இருந்தது உரிமை மட்டும். ஓட்டும் போடாத, மூச்சும் விடாத சோபியா என்ற எந்திரப் பொம்மைக்கு 2017இல் சவூதி அரேபியா குடியுரிமை வழங்கியது. அதற்கு நாம் இவ்வளவு கேள்வி கேட்கவில்லை.

இனி நம் சட்டம். இது உங்கள் துறை என்பதால் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறேன்.

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதற்குப் பின்னால் ருக்மிணி தேவி அருண்டேல் இருந்தார். மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் விதை. அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றார். 1962இல் சென்னையில் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பெரிய காரியம். ஆனால் அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் பாருங்கள். விலங்கை அடித்து, பட்டினி போட்டு, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி வதைத்தால், முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. 1960இல் அது பெரிய தொகையாக இருந்திருக்கலாம். இன்று ஏறக்குறைய ஒரு லிட்டர் பாலின் விலை. அந்தத் தொகையை மாற்ற நாடாளுமன்றத்துக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

விலங்கைக் கொல்வதையும் ஊனமாக்குவதையும் நம் குற்றவியல் சட்டம் எந்தத் தலைப்பில் வைத்திருந்தது என்று உங்களுக்குத் தெரியும்: சொத்துக்குச் சேதம் விளைவித்தல். பழைய தண்டனைச் சட்டத்தில் விலங்கின் விலை பத்து ரூபாயா ஐம்பது ரூபாயா என்று பார்த்துத் தண்டனை மாறும். 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா விலையை நீக்கியது, தலைப்பை நீக்கவில்லை. அடிபட்டது மாடு, நஷ்டம் முதலாளிக்கு.

சட்டம் நினைத்தால் யாரையும் ஆளாக்க முடியும் என்பதைத் தமிழ்நாட்டில் விளக்க வேண்டியதில்லை. கோயில் மூலவர் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். அவருக்கு நிலம் உண்டு, வாடகை பாக்கி உண்டு, வழக்கும் உண்டு. 1925இல் பிரிவி கவுன்சில் ஒரு படி மேலே போய், குலதெய்வ விக்கிரகத்தை எங்கே வைப்பது என்ற தகராறில் அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும், அதற்காகப் பேச ஒருவரை நியமிக்க வேண்டும் என்றது. கம்பெனி ஓர் ஆள், நகராட்சி ஓர் ஆள். மாட்டை ஆளாக்குவதற்குத் தத்துவத் தடை எதுவும் இல்லை.

2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் ஆக்கியும் பார்த்தது. வழக்கு வந்த கதை சுவையானது. இந்திய எல்லையிலுள்ள பன்பசாவுக்கும் நேபாளத்தின் மகேந்திரநகருக்கும் இடையே ஓடும் குதிரை வண்டிகள் பற்றிய பொதுநல வழக்கு அது. எல்லை கடக்கும் குதிரைகளுக்கு நோய்ப் பரிசோதனை, தடுப்பூசி வேண்டும் என்று கேட்டார்கள். மனிதர்களுக்குக் கடவுச்சீட்டுக்கூடத் தேவைப்படாத எல்லையில் குதிரைக்குச் சான்றிதழ் கேட்ட வழக்கு. தீர்ப்பில் நீதிமன்றம், நீரிலும் நிலத்திலும் வானிலும் வாழும் விலங்குகள் அனைத்துமே சட்டப்படி ஆட்கள் என்று அறிவித்து, மாநிலத்தின் குடிமக்கள் எல்லோரையும் அவற்றுக்குப் பெற்றோர் நிலையில் நிறுத்தியது. எல்லோரும் பெற்றோர் என்றால் பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது? அந்தத் தீர்ப்பால் ஒரு குதிரைக்கும் கொள்ளுச் செலவுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கீடு வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஜல்லிக்கட்டு வழக்கை இந்த அவையில் தவிர்க்க முடியாது. 2014 மே 7 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்ததோடு, விலங்குகளின் உரிமைகளை அரசியலமைப்பு உரிமையாக உயர்த்த நாடாளுமன்றம் முன்வர வேண்டும் என்றும் சொன்னது. 2017 ஜனவரியில் மெரினாவில் நடந்த போராட்டம் உங்களில் பலருக்கு நேரிலேயே தெரியும். மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது; விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல நம் நாட்டில் முன்னுதாரணம் இல்லை, அது சட்டமன்றங்களின் வேலை என்று விலகிக்கொண்டது.

அந்த வழக்கில் இரு தரப்பும் பேசியதில் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது ஒரு வாதம். காளை எங்கள் வீட்டுப் பிள்ளை, நாங்கள் எப்படி வதைப்போம் என்றார்கள் வளர்ப்பவர்கள். அதில் பொய் இல்லை. புலிக்குளம் காளையை வளர்க்கிறவர் தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பருத்திக்கொட்டை வாங்கி அரைத்து வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டுப் பிள்ளை என்பது என்ன உத்தரவாதம்?

நான் வேலை பார்த்தது கொங்குப் பகுதியில். ஓர் அம்மா கலப்பின மாடு ஒன்றைக் கொண்டுவருவார். கன்று ஈன்று மூன்றாம் நாள் மாடு எழுந்திருக்காமல் படுத்துவிட்டால் நள்ளிரவில் வந்து கூப்பிடுவார். கால்சியம் ஏற்றி மாடு எழுந்து நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பார். “எங்க ஊட்டுல ஒரு ஆளுங்க டாக்டருங்க, அது படுத்தா எங்களுக்குச் சோறு எறங்காதுங்க” என்பார். அந்த மாடு ஏழாவது ஈற்றுக்குப் பிறகு சினை பிடிக்கவில்லை. சினை ஊசி பலமுறை போட்டும் பயனில்லை. பிறகு அது சந்தைக்குப் போனது. சந்தையில் விலை பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தரகரும் விற்பவரும் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பேரம் முடிந்ததும் விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்வார். வாங்கியவர் தான் கொண்டுவந்த புதுக் கயிற்றைக் கட்டுவார். அந்த அம்மா கயிற்றோடு பேருந்தில் திரும்பினார். அழுதார் என்றும் கேள்விப்பட்டேன்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு கறவை மாட்டை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர், கறக்காத மாட்டுக்கு இன்னும் எட்டு, பத்து வருஷம் தீவனம் போட முடியாது. மாட்டின் இயல்பான ஆயுள் இருபது ஆண்டை நெருங்கும். கறக்கும் காலம் அதில் பாதி. பாசத்தில் குறை ஒன்றும் இல்லை. பாசம் என்பது ஒரு வீட்டின் வரவுசெலவுக்குள் அடங்கியது. வரவு நின்றதும் பாசத்துக்குச் செலவழிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. உரிமையாளரின் மனசும் மாட்டின் மடியும் காய்ந்த பிறகும் நிற்பது எதுவோ அதைத்தான் உரிமை என்கிறோம். குடும்ப உறுப்பினர் என்ற இடத்திலிருந்து குடிமகன் என்ற இடத்துக்கு விலங்கை நகர்த்த வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். குடும்பத்தால் தாங்க முடியாததை ஊர் தாங்க வேண்டும், நாடு தாங்க வேண்டும்.

காளைக் கன்றுகளின் கதை இன்னும் மோசம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பசுவினம் சுமார் 19.25 கோடி. அதில் பெண் 14.5 கோடி, ஆண் 4.7 கோடி. பிறப்பது பாதிக்குப் பாதி. மீதி எங்கே? சில கன்றுகள் பாலில்லாமல் முதல் மாதத்திலேயே கழிச்சலில் செத்துப்போகின்றன. அதைக் கொலை என்று யாரும் சொல்வதில்லை. காம்பை இரண்டு இழுப்பு இழுத்ததும் கன்றைப் பிடித்துக் கட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். சில வளர்ந்து அடிமாட்டு லாரியில் ஏறுகின்றன. டிராக்டர் வந்து ஏர் போன பிறகு காளைக்கு வேலை இல்லை. இப்போது பெரும்பாலும் கிடேரிக் கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்துக் குச்சிகளை அரசு மானிய விலையில் கொடுக்கிறது. கொல்வதைவிடப் பிறக்காமல் தடுப்பது மேல் என்று நானும் அதைப் போட்டிருக்கிறேன். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கேரி ஃபிரான்சியோன் இதையே கடைசிவரை கொண்டுபோவார்: வீட்டு விலங்கு என்ற ஏற்பாடே அநீதி, இருப்பவற்றைக் காப்போம், இனி ஒன்றையும் பிறக்கவிட வேண்டாம் என்பார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. காங்கேயம் மாடு இல்லாத கொங்கு நாட்டை நீதி நிறைந்த நாடு என்று எப்படிச் சொல்வது? செய்த தவற்றுக்குப் பரிகாரமாகப் பாதிக்கப்பட்டவரின் வம்சத்தையே முடித்துவிடுவது விநோதமான பரிகாரம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பேச்சைத் தவறான ஆட்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நம் நாட்டில் விலங்குக்கு உரிமை என்ற பேச்சு எழும்போதெல்லாம் அடி விழுவது எளிய மனிதர்கள் மேல். 2003 ஆகஸ்டில் தமிழக அரசு, 1950ஆம் ஆண்டின் பலித் தடைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்துக் கிடாய் வெட்டுக்குத் தடை போட்டது. கசாப்புக் கடை திறந்திருந்தது. ஓட்டலில் பிரியாணி வெந்தது. சுடலைமாடனுக்கும் கருப்பனுக்கும் மட்டும் படையல் கிடையாது. ஆறு மாதத்தில் சட்டத்தையே ரத்து செய்தார்கள். 2017 மே மாதம் மத்திய அரசு, சந்தையில் மாட்டை இறைச்சிக்காக விற்கக் கூடாது என்று விதி போட்டது. ஒரே வாரத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்குத் தடை கொடுத்தது. அதே ஆண்டு ராஜஸ்தானின் ஆல்வாரில், பால் வியாபாரத்துக்காக மாடு வாங்கிக்கொண்டு போன விவசாயி ஒருவரை அடித்தே கொன்றார்கள். மாட்டைத் தெய்வமாக்கியவர்கள் அதன் தீவனச் செலவை ஏழையின் தலையில் வைத்தார்கள், காவலை ரவுடியின் கையில் கொடுத்தார்கள். நான் கேட்கும் குடியுரிமை இதற்கு நேர் எதிரானது. அதில் செலவு அரசுக்கு. விவசாயிக்குத் தண்டனை இல்லை, உதவித்தொகை.

ஆடு, கோழிக்கு என்ன சொல்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். குடிமகனை அறுத்துச் சாப்பிட முடியாது. கனடாக்காரர்கள் அதில் உறுதியாக இருக்கிறார்கள். என்னால் அந்த உறுதியோடு இங்கே நிற்க முடியாது. கூலி வேலை செய்கிறவர் வாரம் ஒருநாள் சாப்பிடும் கறிக்கு எதிராக நான் வழக்குப் போட மாட்டேன். என் வாதத்தில் இது பெரிய ஓட்டைதான். உங்கள் பேராசிரியர்கள் இந்நேரம் குறித்துக்கொண்டிருப்பார்கள். உழைத்த விலங்கிலிருந்து தொடங்கலாம் என்பதே என் கட்சி. பால் கொடுத்தது, ஏர் இழுத்தது, காவல் காத்தது. உழைத்தவருக்கு ஓய்வுக்காலம் உண்டு என்பது நமக்கு எளிதில் புரியும் நியாயம். நம் ராணுவத்தில் பணி ஓய்வு பெற்ற மோப்ப நாய்களை முன்பெல்லாம் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். அது வெளியே தெரிந்து கண்டனம் எழுந்த பிறகு, இப்போது தத்துக் கொடுக்கிறார்கள். பதக்கம் வாங்கிய நாய்க்கே அவ்வளவு காலம் ஆயிற்று.

தெருநாயைப் பற்றிச் சில வார்த்தைகள். இந்தியாவில் எழுத்து மூலமாக இருப்பிட உரிமை உள்ள விலங்கு அது. 2001 முதலே விதி இருக்கிறது: பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 11இல் தில்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைத்துத் திரும்ப விடாதீர்கள் என்றது உச்ச நீதிமன்றம். பதினோரு நாளில் மூன்று நீதிபதிகள் அமர்வு, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களை விலக்கியது. ஒரு நாய் எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் மாதக்கணக்கில் யோசித்தது. கேலியாகச் சொல்லவில்லை, யோசிக்க வேண்டிய விஷயம்தான். உலகத்தின் ரேபிஸ் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நிகழ்கின்றன என்கிறது உலக சுகாதார அமைப்பு. உரிமையைக் காகிதத்தில் எழுதிவிட்டு, நாய் பிடிக்கும் வண்டிக்கும் மருத்துவருக்கும் ஊராட்சியிடம் பணம் இல்லாமல் விட்டால், கடி வாங்குவது நடந்து பள்ளிக்குப் போகும் குழந்தை. காரில் வந்து பிஸ்கட் போட்டுவிட்டுப் போகிறவர் அந்தத் தெருவில் நடப்பதில்லை.

பணமும் இடமும் இல்லாத உரிமை உரிமையே இல்லை. இதைச் சொல்வதற்கு நான் கனடாவுக்குப் போகத் தேவையில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு, மகேந்திரவர்மன் காலத்தது. ஆநிரைப் பூசலில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனுடைய நாய் கோவிவனும் இருக்கிறது, பெயரோடு. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டிலேயே எழுதி வைத்தார்கள். அது மரியாதை. நான் சொல்ல வந்தது மரியாதையைவிடச் சாதாரணமான சங்கதி. நம் பழைய ஊர்களில் வழியோரமாக ஆவுரிஞ்சு கல் நட்டு வைப்பார்கள். மேய்ந்து வரும் மாடு தினவெடுத்தால் உடம்பைத் தேய்த்துக்கொள்வதற்கு ஒரு கல். யாழ்ப்பாணத்திலும் அதை ஆவுரோஞ்சிக் கல் என்பார்கள். பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. யாருடைய மாடு என்று கேளாமல் எந்த மாட்டுக்கும் ஆனது. மாடு வந்து மனுக் கொடுக்கவில்லை. அதன் உடம்பு என்ன கேட்கிறது என்று கவனித்து ஊர்ப் பொதுவில் செலவு செய்திருக்கிறார்கள். கிம்லிக்கா சொல்லும் மூன்றாவது உரிமைக்கு இதைவிட நல்ல உதாரணம் அவர் நூலிலும் இல்லை.

அதைவிடப் பெரியது நிலம். நம் வருவாய்த் துறைக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்றும் மந்தைவெளி புறம்போக்கு என்றும் தனி வகை உண்டு. அ-பதிவேட்டைத் திறந்தால் சர்வே எண்ணோடு இருக்கும். ஊர்க் கால்நடை மேய்வதற்கும் கூடுவதற்கும் என்று ஒதுக்கிய நிலம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் வந்து எழுதுவதற்கு முன்பே வழக்கத்தில் இருந்தது. இந்த நாட்டில் மாட்டுக்கு எழுத்தில் உள்ள இருப்பிட உரிமை அதுதான். அந்த நிலத்தில்தான் பிறகு பேருந்து நிலையம் வந்தது, ஆட்சியர் அலுவலகம் வந்தது, தொழிற்பேட்டை வந்தது, பட்டா வந்தது. சென்னை மந்தைவெளியில் பெயர் மட்டும் மிச்சம். ஊர்ப் பொது நிலங்களை மீட்க வேண்டும் என்று 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. குளம் சிலவற்றுக்கு அதனால் விடிவு வந்தது. மேய்க்காலுக்காகப் படியேறியவர்கள் குறைவு. மேய்ச்சல் இல்லாமல்தான் மாடு தொழுவத்திலேயே நின்று, தீவனம் முழுக்கக் காசுக்கு வாங்கும் பொருளாகி, கறவை நின்ற மாடு சுமையாகிப் போனது. அந்த அம்மாவின் மாடு சந்தைக்குப் போனதற்கு இந்தப் புறம்போக்கும் ஒரு காரணம்.

ஆகவே நான் கேட்பது மூன்று காரியம். முதலாவது, காதிலுள்ள 12 இலக்க எண்ணை ஓய்வூதிய எண்ணாக்குங்கள். கறவை வற்றிய மாட்டைச் சொந்தத் தொழுவத்திலோ ஊர்ப் பட்டியிலோ வைத்திருப்பவருக்கு அந்த எண்ணின் பேரில் மாதப் பராமரிப்புத் தொகை போகட்டும். பணத்துக்கு எங்கே போவது? பஞ்சாபும் ராஜஸ்தானும் உத்தரப் பிரதேசமும் பசுப் பராமரிப்புக்காக மதுபானத்தின் மேல்கூட வரி போட்டிருக்கின்றன. சாராயம் குடித்தவருக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பால் குடித்தவர் தரட்டும். விவசாயியிடம் கொள்முதல் செய்யும் விலையில் கை வைக்காமல், நகரத்தில் பாக்கெட் வாங்கும் நாம் லிட்டருக்கு ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுக்கலாம். மாட்டின் முதுமைச் செலவையும் சேர்த்தால்தான் பாலின் உண்மை விலை வரும். இதுவரை அந்தச் செலவைக் கழித்துவிட்ட விலைக்கே குடித்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது, எஞ்சியிருக்கிற மேய்க்கால் புறம்போக்கை வேறு எதற்கும் வகை மாற்றக் கூடாது என்று சட்டம் வேண்டும்.

மூன்றாவது, அவற்றுக்காகப் பேச ஓர் ஆள். சுவிட்சர்லாந்தின் சூரிக் மாநிலத்தில் 1992 முதல் விலங்குகளுக்கென்றே அரசு வழக்கறிஞர் பதவி இருந்தது. 2010இல் அதை நாடு முழுவதும் விரிவாக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்றார்கள், பிறகு சூரிக்கிலும் அந்தப் பதவி போய்விட்டது. எனவே பெரிய பதவி ஒன்றும் கேட்கவில்லை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. கன்றை இழந்த பசு நீதி கேட்டு மணியடித்த அந்தக் கதையில் எல்லோரும் தேர்க்காலைப் பற்றியே பேசுகிறோம். என்னைக் கேட்டால் அதில் பெரிய விஷயம் மணியின் கயிறு. மாட்டுக்கு எட்டும் உயரத்தில் அது தொங்கியது. காவலன் யாரும் விரட்டவில்லை. அந்த அரசன் பெயரால் இன்றும் மாவட்ட ஆட்சியர்கள் கிராமங்களில் மனுநீதி நாள் முகாம் நடத்துகிறார்கள். பட்டா மாறுதல், முதியோர் ஓய்வூதியம், சாலை வசதி என்று மனிதர்கள் மனுக் கொடுக்கிறார்கள். கால்நடை மருத்துவரும் அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார், குடற்புழு மருந்து கொடுப்பதற்காக. அவருக்கே ஊர்க் கால்நடைகளின் சார்பில் மனுக் கொடுக்கும் அதிகாரத்தை ஓர் அரசாணையால் கொடுத்துவிடலாம். இந்த ஊரில் தண்ணீர்த் தொட்டி உடைந்து கிடக்கிறது, மேய்க்காலில் வேலி போட்டிருக்கிறார்கள், வற்றிய மாடுகள் இத்தனை இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்து, அதற்குப் பதிவு எண் வாங்கி, குறித்த நாளுக்குள் பதில் பெறட்டும். பதில் வராவிட்டால் நீதிமன்றம் போகட்டும். வழக்காட நீங்கள் இருக்கிறீர்கள்.

அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்தக் கல்லூரியைச் சுற்றியுள்ள ஊர்களின் அ-பதிவேட்டில் மேய்க்கால் என்று எழுதியிருக்கும் சர்வே எண்கள் எவை, அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். மாணவர்கள் நாலைந்து பேர் இறங்கினால் ஒரு பருவத்துக்குள் முடிகிற வேலை. நிலத்தைப் போய்ப் பார்க்கிற நாளில் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.